பேரூராட்சி கட்டடத்தை ஸ்மார்ட்டா பிளான் பண்றது எப்படி: எஸ்டிமேட்டுக்கு முன்னாடி தொடங்கி முதல் வருஷம் வரைக்கும்

காரைக்குடி சுத்துவட்டாரத்துல பேரூராட்சி ஆபீஸ், சமுதாயக்கூடம், சந்தைக் கட்டடம்னு பல வேலைகள்ல எலக்ட்ரிகல் பக்கம் நின்னு பாத்துருக்கேன். புதுசா வர்ற ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்), கான்ட்ராக்டர்கிட்ட வேலை பழகுற பசங்க, ஆர்வமா இருக்குற கவுன்சிலர்னு எல்லாரும் ஒரே இடத்துலதான் இடறுறாங்க. கட்டடம் எந்திரிச்சு பூச்சு முடிஞ்சு பெயின்ட்டும் அடிச்சப்புறம் "இதை ஸ்மார்ட் பில்டிங்கா மாத்தணும், என்ன மெஷின் வாங்கலாம்"னு வருவாங்க. அந்த நேரத்துல பண்ணக்கூடியது ரொம்பக் கம்மி.

வேலையோட வரிசை இதுதான்: முதல்ல வெயில் காத்து மழை, அப்புறம் லோடு (எந்தப் பொருள் எவ்வளவு கரண்ட் இழுக்கும்ங்கற கணக்கு), அப்புறம் சர்க்யூட்டும் வயர் போற பைப்பும், அதுக்கப்புறம் மீட்டர், சென்சார், கன்ட்ரோல், எல்லாத்துக்கும் கடைசியா ஸ்கிரீன். நான் பாத்த ஒரு ஊர்ல இது தலைகீழா நடந்துச்சு. ஹால்ல பெரிய டிவி மாட்டி கரண்ட் எவ்வளவு போகுதுன்னு காட்டுனாங்க, ஆனா மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே மீட்டர்ங்கறதால ஏசி இழுக்குதா, போர் மோட்டார் இழுக்குதா, இ-சேவை கவுன்ட்டர் இழுக்குதான்னு யாராலயும் சொல்ல முடியல. கொஞ்ச மாசத்துல நெட் கட்டாகி ஸ்கிரீனும் கறுத்துப் போச்சு. நல்ல எண்ணத்துல செலவழிச்ச மக்கள் காசு அது, அதை நினைச்சா இன்னமும் மனசு கேக்க மாட்டேங்குது.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

பழைய கட்டடத்தோட ஒரு வருஷ ஈபி பில் எல்லாத்தையும் எடுத்து வைங்க. புதுக் கட்டடம்தானே, பழைய பில் எதுக்குன்னு கேப்பாங்க. அதே ஸ்டாஃப், அதே வேலைதான் புது இடத்துக்கு வரப்போகுது, எந்த மாசம் ஏறுது எந்த மாசம் இறங்குதுங்கறது அந்தப் பில்லுலதான் இருக்கு. நாளைக்கு மிச்சமாச்சுன்னு சொல்றதுக்கும் ஒப்பிட ஒரு கணக்கு வேணுமில்ல.

அடுத்து, ஒரு வாரம் வாசல்ல ஒரு ஆளை உக்கார வச்சு மணிக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு நோட்டுல எழுதச் சொல்லுங்க. வரி கட்டுற சீசன்ல ஒரு மாதிரி இருக்கும், சாதாரண நாள்ல வேற மாதிரி இருக்கும், சந்தை நாள்ல இன்னும் வேற. இதை வச்சுத்தான் காத்திருக்குற இடம், ஃபேன், டோக்கன் கவுன்ட்டர் எல்லாம் முடிவாகும்.

மனையோட பிளான்ல வடக்கு எதுன்னு சரியா குறிச்சிருக்கணும், பக்கத்துல நிக்கிற வேப்பமரம் புளியமரம் எவ்வளவு உயரம்னும் போட்டிருக்கணும். கூடவே ஒரு பேப்பர்ல, கட்டடம் முடிஞ்சப்புறம் இதை தினமும் பாத்துக்கப்போறது யாருன்னு எழுதுங்க. வாட்டர்மேனா, ஆபீஸ் உதவியாளரா, கம்ப்யூட்டர் ஆப்பரேட்டரா? அந்த இடத்துல எழுத ஒரு பதவி இல்லைன்னா கன்ட்ரோல் சிஸ்டத்தைப் பத்தி இப்பவே யோசிக்காதீங்க. நல்ல ஜன்னலும் நல்ல வயரிங்கும் போதும்.

2. கட்டடம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னு முடிவு பண்ணுங்க

"எல்லாத்தையும் மானிட்டர் பண்ணணும்"னு சொல்றது ஒரு தேவையே கிடையாது. நாலஞ்சு கேள்வி எழுதுனா போதும். எந்தப் பிரிவு எவ்வளவு யூனிட் எடுக்குது, ராத்திரி பூட்டிட்டுப் போனப்புறமும் என்ன ஓடுது, தொட்டில தண்ணி எவ்வளவு, கூட்ட ஹால்ல மூச்சு முட்டுதா, கவுன்ட்டர்ல ஜனங்க எவ்வளவு நேரம் நிக்கிறாங்க. இவ்வளவுதான்.

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல, பதில் வந்தா யாரு என்ன செய்வாங்கன்னு எழுதுங்க. எதுவும் செய்யப் போறதில்லைன்னா அந்தக் கேள்வியை அடிச்சிருங்க, அதுக்கான சென்சார் காசும் மிச்சம். இந்த ஒரு பக்கத்தை மன்றத் தீர்மானத்தோட சேத்து வச்சுட்டீங்கன்னா செயல் அலுவலர் மாறுனாலும் தலைவர் மாறுனாலும் வேலை திசை மாறாது.

3. வெயில், காத்து, மழை

நம்ம ஊரு ஏறக்குறைய 10 டிகிரி வடக்கு அட்சரேகைல இருக்கு. இதனால ஒண்ணு நடக்கும், புதுசா வரையறவங்க பலபேரு கவனிக்கிறதில்ல: சித்திரை ஆரம்பத்துல இருந்து ஆவணி பத்து தேதி வாக்குல வரைக்கும் மதியச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாத்தான் போகும். வடக்கு ஜன்னலுக்கு நிழலே வேணாம்னு புத்தகத்தைப் பாத்து வரைஞ்சா, சரியா அந்த வெயில் காலத்துல கவுன்ட்டர் மேல வெயில் அடிக்கும். வடக்கயும் தெக்கயும் சன்ஷேடு போடுங்க, ரெண்டு பக்கமும் வெயில் உச்சில இருந்து வர்றதால சின்னதா இருந்தாலே தடுத்துரும். மேக்கு வெயில் அப்படியில்ல, சாய்ஞ்சு நேரா உள்ள வரும், சன்ஷேடு தடுக்காது. அதனால மேக்குப் பக்கம் மாடிப்படி, கழிப்பறை, ரெக்கார்டு ரூம் மாதிரி ஆள் உக்காராத இடத்தை வைங்க.

காத்திருக்குற ஹாலுக்கு உயரத்துல காத்துப்போக்கி கண்டிப்பா வேணும். நம்ம பழைய வீட்டு வளவுல (உள்முற்றத்துல) உச்சி வெயில்லயும் உக்காந்து அரிசி புடைக்க முடியுதுன்னா அதுக்குக் காரணம், சூடான காத்து மேல ஏறி திறப்பு வழியா வெளிய போயிருது, கீழ நிழல்ல இருந்து காத்து வந்து அந்த இடத்தை நிரப்புது. அதே வேலையை ஆபீஸ்லயும் வாங்கலாம். சின்ன முற்றம் விட இடம் இருந்தா விடுங்க, இல்லைன்னா எதிரெதிர் சுவத்துல மேலயும் கீழயும் திறப்பு விடுங்க. கொசுவலையும் புறாவலையும் எஸ்டிமேட்லயே சேருங்க, மறந்தா முதல் மாசமே அட்டை வச்சு அடைச்சுருவாங்க, அப்புறம் அந்தக் காத்து வழியே போச்சு.

மொட்டை மாடில வெதரிங் கோர்ஸ் (தண்ணியும் சூடும் இறங்காம தளத்து மேல போடுற அடுக்கு) மேல வெள்ளை ஓடோ கூல் ரூஃப் பூச்சோ போட்டுருங்க, மேல் மாடில சூடு குறைய இதைவிடச் சல்லிசான வழி இல்லை.

மழைக் கணக்கு சுலபம். 1 சதுர மீட்டர் கூரைல 1 மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா 1 லிட்டர். 250 சதுர மீட்டர் மாடில ஐப்பசில ஒரு நல்ல மழை 50 மில்லிமீட்டர் கொட்டுனா 12,500 லிட்டர், வழில வீணாகுறது போக 10,000 லிட்டராவது கைக்கு வரும். தொட்டி சைஸை இந்தக் கணக்கு வச்சு முடிவு பண்ணுங்க, மிஞ்சுறது எங்க போகும்னும் வரைங்க, பக்கத்துல ஊரணி இருந்தா அதுக்குப் போற வரத்துக்கால்ல சேர்க்க முடியுமான்னு பாருங்க. முதல் மழைத் தண்ணிய வெளிய விட ஒரு தனி வால்வு வைங்க, இல்லைன்னா மாடில கெடக்குற செம்மண்ணு பூரா தொட்டிக்குள்ளதான்.

4. லோடு லிஸ்ட்

ரூம் வாரியா ஒரு டேபிள் போடுங்க: என்ன பொருள், எத்தனை, எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்குற மோட்டார் வச்சது) 30 வாட் வாக்குல எடுக்கும். 20 ஃபேன் 8 மணி நேரம் ஓடுனா ஒரு நாளைக்கு 7.2 யூனிட் வித்தியாசம், 22 வேலை நாளுக்கு கிட்டத்தட்ட 160 யூனிட். எந்த சென்சாரும் இல்லாம, எந்த ஆப்பும் இல்லாம வர்ற மிச்சம் இது.

லிஸ்ட் முதல்ல வேணும்னு நான் அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. லோடு குறைஞ்சா சோலார் சைஸ் குறையும், யூபிஎஸ் குறையும், வயர் சைஸ் குறையும். பழைய ஃபேன் கணக்குல சோலார் வாங்கிட்டு அப்புறமா ஃபேனை மாத்துறது ரெண்டு செலவு.

ஏசி கேட்டு எல்லா ரூமும் வரிசைல நிக்கும். சர்வர் இருக்குற இடம், கூட்ட ஹால், இதுக்கு மேல தேவையான்னு கேளுங்க.

5. சர்க்யூட் பிரிக்கிறது, பைப் போடுறது

மொத்த வழிகாட்டில இந்த இடத்துலதான் அதிக நேரம் செலவழிக்கணும், ஏன்னா சுவத்துக்குள்ள போறதை அப்புறம் மாத்த முடியாது. கான்க்ரீட் போடுறதுக்கு முன்னாடி நாள் நீங்களே வெள்ளனே போய் நின்னு பைப்பைப் பாருங்க.

முதல்ல டிபி, அதாவது கரண்டைச் சர்க்யூட் சர்க்யூட்டா பிரிச்சு விடுற பெட்டி. லைட், ஃபேன், பிளக், ஏசி, கம்ப்யூட்டர் யூபிஎஸ், மோட்டார், இ-சேவை எல்லாம் தனித்தனி சர்க்யூட்டா வரணும். எலக்ட்ரீஷியன் வயர் மிச்சம் பிடிக்க பக்கத்து ரூம் பிளக்கை லைட் சர்க்யூட்ல சேத்துருவாரு, வேலைக்கு எந்தக் குறையும் தெரியாது, ஆனா அப்புறம் மீட்டர் வைக்கிறப்ப லைட்டுக்கு எவ்வளவுன்னு கேட்டா வர்ற பதில் பொய்யா இருக்கும். சர்க்யூட் கலந்துட்டா எவ்வளவு விலை குடுத்து மீட்டர் வாங்குனாலும் பிரயோஜனம் இல்லை.

ரெண்டாவது, லைட் வரிசை. ஜன்னலுக்கு இணையா ஓடுற வரிசை வரிசையா சுவிட்ச் குடுங்க. வழக்கமா ஜன்னல்ல இருந்து உள்பக்கம் நோக்கிக் குறுக்க குடுத்துருவாங்க, அப்படிக் குடுத்தா உள்ள இருட்டா இருக்குன்னு ஒரு சுவிட்சைப் போட்டா ஜன்னலோரத்து லைட்டும் சேந்து பட்டப்பகல்ல எரியும். வரைபடத்துல ஒரு கோட்டைத் திருப்பிப் போடுறதுதான் வேலை, காசே கிடையாது.

மூணாவது, சுவிட்ச் பாக்ஸுக்கு நியூட்ரல் வயர். நம்ம வழக்கமான வயரிங்ல சுவிட்சுக்கு ஃபேஸ் மட்டும்தான் இறங்கும். ஸ்மார்ட் சுவிட்ச் பெரும்பாலானதுக்கு நியூட்ரலும் வேணும், ஏன்னா லைட் அணைஞ்சிருக்குறப்பவும் அது உள்ள முழிச்சுக்கிட்டு இருக்கணும். இப்ப ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கப் போறதில்லைன்னாலும் நியூட்ரலை இறக்கி, முனைல கனெக்டர் மாட்டி, ஆழமான பாக்ஸா வச்சுருங்க.

நாலாவது, டேட்டாவுக்குத் தனிப் பைப். கரண்ட் வயர் போற பைப்புல சிக்னல் கேபிளைத் திணிக்காதீங்க, பாதுகாப்பும் இல்லை, ரீடிங்கும் தாறுமாறா வரும். கொஞ்சம் இடைவெளி விட்டு தனியா ஓட்டுங்க, காலியா விடுற பைப்புக்குள்ள இழுவைக் கம்பி போட்டு ரெண்டு முனையும் மூடி வைங்க. மாடிக்கும் தொட்டிக்கும் வாசலுக்கும் தலா ஒரு காலிப் பைப் கட்டாயம்.

தரைல ஆத்தங்குடி டைல்ஸ் போடுறதா இருந்தா கவுன்ட்டர், டோக்கன் மெஷின், மேஜை எல்லாம் எங்க வருதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி ஃப்ளோர் பாக்ஸ் வச்சுருங்க. அது கையால வார்த்து தண்ணில ஊறப்போட்டு எடுக்குற டைல்ஸ், அப்புறமா ரெண்டை உடைச்சு பைப் ஓட்டிட்டு புதுசா ரெண்டு வாங்கிப் பதிச்சா கலர் ஒத்துப்போகவே போகாது. பழைய சுண்ணாம்புப் பூச்சுக் கட்டடத்துல வேலைன்னா சுவத்தை வெட்டவே வெட்டாதீங்க, வெளிய தெரியுற மாதிரி பைப் ஓட்டுனாலும் பரவாயில்லை. அந்தத் தடிச்ச சுவத்துல வைஃபையும் ஊடுருவாது, ரூமுக்கு ஒரு கேபிள் இழுத்துருங்க.

இடி மின்னலுக்கு மெயின் பேனல்ல சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு எகிறுற வோல்டேஜைத் தடுக்குறது) வைங்க, எர்த் பிட்டை (எர்த் வயர் இறங்குற குழியை) அளந்து ரீடிங்கை எழுதி வைங்க. ஐப்பசி கார்த்திகைல ஒரே இடில மொத்த போர்டும் போன கதையை நேர்ல பாத்துருக்கேன்.

6. மீட்டர்

சர்க்யூட் சுத்தமா இருந்தா இது சுலபம். ஒவ்வொரு பிரிவுக்கும் மோட்பஸ் (மீட்டர் தன் ரீடிங்கை கம்ப்யூட்டருக்குச் சொல்ற மொழி) பேசுற எனர்ஜி மீட்டர் வைங்க. மோட்பஸ்னு குறிப்பா சொல்றதுக்குக் காரணம், அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது வழி, ஒரு கம்பெனி மூடிட்டாலும் வேற கம்பெனி மீட்டரை அதே கேபிள்ல மாட்டலாம்.

மோட்பஸ் சிக்னல் போற ஆர்எஸ் 485 கேபிளை மீட்டர் விட்டு மீட்டர் சங்கிலி மாதிரி ஓட்டணும், நடுவுல இருந்து கிளை கிளையா பிரிச்சா சிக்னல் விட்டு விட்டு வரும். ரெண்டு கடைசி முனைலயும் 120 ஓம் ரெசிஸ்டர், ஒவ்வொரு மீட்டருக்கும் தனி நம்பர். ரெண்டு மீட்டருக்கு ஒரே நம்பர் குடுத்துட்டு ஒரு நாள் பூரா கேபிளைச் சந்தேகப்பட்டவங்களைப் பாத்துருக்கேன்.

சிடி (வயரைச் சுத்தி மாட்டி கரண்டை அளக்குற வளையம்) மாட்டுறப்ப அம்புக்குறி லோடு பக்கம் பாக்கணும், திருப்பி மாட்டுனா யூனிட் மைனஸ்ல ஓடும். மூணு ஃபேஸ் லைன்ல ஆர் ஃபேஸ் சிடியை ஒய் ஃபேஸ் வோல்டேஜோட கோத்தாலும் கணக்கு தப்பும், ஆனா அது சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது, அதனால அதுதான் ஆபத்தான தப்பு. கரண்ட் ஓடிக்கிட்டு இருக்கப்ப சிடியோட வயரைக் கழட்டக்கூடாது, உயிருக்கே ஆபத்து.

7. சென்சார் எங்க வேணும், எங்க வேணாம்

கழிப்பறை நடை, ரெக்கார்டு ரூம், மாடிப்படி: இங்கெல்லாம் ஆள் வந்தா எரியுற பிஐஆர் சென்சார் நல்லா வேலை செய்யும். கிளார்க் உக்காருற இடத்துல வைக்காதீங்க. பிஐஆர் அசைவைத்தான் பாக்கும், ஒருத்தர் குனிஞ்சு கணக்கு எழுதிக்கிட்டு இருந்தா ஆளே இல்லைன்னு நினைச்சு அணைச்சுரும். ஒரு ஆபீஸ்ல ஒரே வாரத்துல சென்சார் மேல டேப் ஒட்டி வச்சுட்டாங்க, அவங்களைக் குறை சொல்ல முடியாது, வரைஞ்சவர் அந்த நாற்காலில அரை மணி நேரம் உக்காந்து பாத்திருக்கணும்.

ஏசி போட்டு மூடுற கூட்ட ஹாலுக்கு கார்பன் டை ஆக்சைடு சென்சார் ஒண்ணு வைங்க. வெளிக்காத்துல 420 பிபிஎம் (பத்து லட்சத்துல 420 பங்கு) வாக்குல இருக்கும், உள்ள 1000-ஐத் தாண்டுனா எக்ஸாஸ்ட் ஓடணும் இல்ல ஜன்னலைத் திறக்கணும். மதியக் கூட்டத்துல எல்லாருக்கும் தூக்கம் சொக்குறதுக்கு பாதிக் காரணம் அடைபட்ட காத்துதான்.

தண்ணித் தொட்டிக்கு, மூடுன தொட்டிக்குள்ள அல்ட்ராசானிக் வச்சா ஆவி படிஞ்சு தப்பாக் காட்டும். ஃப்ளோட் இல்ல பிரஷர் டைப் நம்பிக்கையானது, மோட்டாருக்கு டிரை ரன் கட் ஆஃபும் (தண்ணி இல்லாம ஓடுனா தானா நிறுத்துறது) சேருங்க. தொட்டி தூரமா இருந்தா லோரா ரேடியோ (கம்மி கரண்ட்ல தூரத்துக்கு சின்னச் சின்ன ரீடிங் அனுப்புறது) உதவும், 865ல இருந்து 867 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இந்தியாவுல தனி லைசென்ஸ் தேவையில்லை.

எந்த ஆட்டோமேட்டிக்குக்கும் பக்கத்துலயே கையால போடுற சுவிட்ச் ஒண்ணு இருக்கணும். இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

வாசல்ல டோக்கன் டிஸ்ப்ளே வைக்கிறதா இருந்தா தமிழ்ல பெருசா காட்டணும், சத்தமாவும் கூப்பிடணும். பென்ஷன் விசாரிக்க வர்ற ஆச்சிக்கு எழுத்து மங்கலாத் தெரியும். அதே ஆச்சி உள்ள வரணும்னா சாய்தளம் 1க்கு 12 சரிவுல இருக்கணும், தரை ஒன்றரை அடி உயரம்னா 18 அடி நீளம் வேணும், இதுக்கு இடத்தை மூணாவது படிலயே ஒதுக்குங்க.

8. சோலார்

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி, ஒரு நாளைக்குச் சராசரியா 4 யூனிட். 5 கிலோவாட்னா 20 யூனிட் வாக்குல. தெக்குப் பாத்து 10 டிகிரி சாய்வு. படுக்கப் போட்டுட்டா மழைத்தண்ணி அழுக்கை அடிச்சுக்கிட்டுப் போகாது, செம்மண் தூசி ஓரத்துல கட்டிக்கும். கழுவுறதுக்கு மாடில ஒரு குழாய் வைங்க.

எல்லாரும் ஏமாறுற இடம் இது: பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடுற கிரிட் சோலார், ஈபி கரண்ட் போனா தானும் நின்னுரும். கம்பத்துல வேலை செய்யுற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க. கரண்ட் போனாலும் கவுன்ட்டர் ஓடணும்னா ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும், அதுக்கு அஞ்சாவது படிலயே அவசர லோடுக்கு தனி டிபி பிரிச்சிருக்கணும்.

9. எஸ்டிமேட்டும் டெண்டரும்

எஸ்டிமேட்ல எலக்ட்ரிகலுக்கு சிவில் மதிப்புல இத்தனை சதவீதம்னு லம்ப்சமா ஒரு தொகை போட்டுட்டு நகர்ந்துருவாங்க. ஸ்மார்ட் பில்டிங் செத்துப்போறது அந்த ஒரு வரிலதான். மேல சொன்ன தனி சர்க்யூட், நியூட்ரல், காலிப் பைப், மீட்டர் எல்லாத்தையும் ஐட்டம் ஐட்டமா அளவோட எழுதுங்க. எழுதாததைக் கான்ட்ராக்டர் போட மாட்டாரு, போடலைன்னு கேக்கவும் நமக்கு வாயில்லை.

பிராண்ட் பேரு எழுதாம, அது எப்படி வேலை செய்யணும்னு எழுதுங்க. மோட்பஸ் இல்ல பேக்நெட்ல (அதே மாதிரி இன்னொரு பொது மொழி) பேசணும், நெட் இல்லாமலும் உள்ளூர்ல ஓடணும், டேட்டா பேரூராட்சிக்குச் சொந்தம், எப்ப கேட்டாலும் சிஎஸ்வி ஃபைலா (எக்செல்ல திறக்குற சாதாரண டேபிள் ஃபைல்) எடுக்க முடியணும், அட்மின் பாஸ்வேர்டு எழுத்துல ஒப்படைக்கணும். இந்தக் கடைசி வரி இல்லாம வாங்குன சிஸ்டத்துல, ஒரு ஃபேன் டைமிங்கை மாத்தணும்னாகூட கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு உக்காரணும்.

ஏஎம்சி (வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) அஞ்சு வருஷத்துக்கு டெண்டர்லயே விலை கேட்டு வாங்கிருங்க, வருஷா வருஷம் அது எந்தக் கணக்குத் தலைப்புல இருந்து போகும்னு செயல் அலுவலர்கிட்ட எழுதி வாங்குங்க. கட்டடம் கட்ட ஒரு நிதி வரும், அதைப் பராமரிக்க பொது நிதில இருந்துதான் எடுக்கணும், ரெண்டும் வேற வேற பை.

கேமரா வைக்கிறீங்கன்னா எத்தனை நாள் பதிவு இருக்கும், யாரு பாக்கலாம்னு எழுதி வைங்க. 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பொதுமக்கள் முகமும் விவரமும் நம்ம பொறுப்பு. சென்சார், கேமரா நெட்வொர்க்கை ஆபீஸ் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ல இருந்து தனியாப் பிரிச்சு, கம்பெனில இருந்து வந்த பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்துங்க.

10. டெஸ்ட் பண்ணி வாங்குறது

பில்லுல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு 1000 வாட் அயர்ன் பாக்ஸை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு பிளக் சர்க்யூட்டா போங்க. சூட்டை முழுசா ஏத்தி வச்சு மாட்டுனா அந்தச் சர்க்யூட்டோட மீட்டர்ல மட்டும் 1000 வாட் வாக்குல ஏறணும். வேற மீட்டர்ல ஏறுனா வயரிங் கலந்திருக்கு, மைனஸ்ல போனா சிடி திரும்பியிருக்கு, ரெண்டு மடங்கு காட்டுனா சிடி ரேஷியோ தப்பு. ஒரு மதியத்துல முடிஞ்சுரும், ஆனா இதைச் செஞ்சு வாங்குன கட்டடம் நான் பாத்ததுல ரொம்பக் கம்மி.

நெட்டைப் புடுங்கிவிட்டுப் பாருங்க, மெயினை அணைச்சுப் போட்டுப் பாருங்க, தொட்டி ஃப்ளோட்டைக் கையால தூக்கிப் பாருங்க. சுவத்துக்குள்ள பைப் எங்க ஓடுதுன்னு பூச்சுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, கடைசியா மாறுனபடி வரைஞ்ச வயரிங் படம், தமிழ்ல நாலு பக்கக் குறிப்பு, இது மூணும் ஃபைல்ல வந்தப்புறம் பாக்கிப் பணத்தைக் குடுங்க.

11. முதல் வருஷம்

முதல் மாசம் எதையும் ஆட்டோமேட்டிக்கா ஓட விடாதீங்க, ரீடிங் மட்டும் பாருங்க. ராத்திரி 2 மணிக்கு என்ன ஓடுதுன்னு பாத்தாலே பாதி விஷயம் வெளிய வந்துரும்: அணைக்காத பிரின்டர், யூபிஎஸ், வாட்டர் கூலர், தானா சுத்துற எக்ஸாஸ்ட். அதை எல்லாம் சரி பண்ணுனப்புறம் டைமரும் கன்ட்ரோலும் ஒண்ணு ஒண்ணா ஆன் பண்ணுங்க, ஒரே நாள்ல எல்லாம் ஆன் பண்ணா எது தொல்லை குடுக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

முதல் பக்கத்துல பேரெழுதுனோமே, அந்த வாட்டர்மேன் அண்ணனுக்கோ உதவியாளர் அக்காவுக்கோ வாரம் ஒரு நாள் அஞ்சு ரீடிங் எழுத ஒரு நோட்டு குடுங்க. ஆப்புல தானா பதிவாகுதேன்னு விட்டுறாதீங்க, கையால எழுதுறவங்களுக்குத்தான் நம்பர் மாறுறது சட்டுன்னு கண்ணுல படும்.

புரட்டாசி முடியுறதுக்குள்ள மாடி வடிகால், முதல் மழை வால்வு, சர்ஜ் புரொடெக்டர் இண்டிகேட்டர், எர்த் ரீடிங் இந்த நாலையும் பாத்துருங்க. மாசியில சோலார் பேனலைக் கழுவி, ஏசி ஃபில்டரைச் சுத்தம் பண்ணி, ஏசி 24 டிகிரில இருக்கான்னு பாத்து, வெயில் கணக்கை அங்கேருந்து தொடங்குங்க. பன்னெண்டு மாசம் முடிஞ்சதும் முதல் படில எடுத்து வச்ச பழைய பில்லையும் புதுப் பில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மன்றக் கூட்டத்துல வாசிச்சுக் காட்டுங்க, அடுத்த சமுதாயக்கூட எஸ்டிமேட்ல எந்த ஐட்டம் வேணும் எது வேணாம்னு அந்தக் கூட்டத்துலயே எழுதிக்கலாம்.